வவுச்சர் தாளை நம்பி பாங்கொக்கில் இறங்காதீர்கள்

கேள்வி: கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன், அக்கா. எனக்கு 26 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. பத்து நாள் லீவு எடுத்துத் தனியாகத் தாய்லாந்து போக யோசிக்கிறேன். பாங்கொக்கில் ஐந்து நாள், சியாங் மாயில் ஐந்து நாள். ஹொட்டேல் அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகக் கிடக்க விருப்பமில்லை. நாலு பேரோடு கதைத்துப் பழகக்கூடிய, காசு குறைந்த இடம் வேண்டும். இங்கே ஏஜென்சியில் கேட்டால், ஹொஸ்டலில் தனிப் பெண்பிள்ளைகளை எடுக்க மாட்டார்கள், நாங்களே ஹொட்டேல் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். அம்மாவோ, மாமிக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று பாங்கொக்கில் இருக்கிறது, அங்கே போய் நில் என்கிறா. என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, ஏஜென்சியில் சொன்னது பிழை. ஹொஸ்டல்கள் நடப்பதே தனியாக வருகிறவர்களை வைத்துத்தான். பாங்கொக்கிலும் சியாங் மாயிலும் பெண்களுக்கென்று தனி அறை வைத்திருக்கும் ஹொஸ்டல்கள் தாராளமாக உண்டு. பிறகு ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று கேட்டால், ஒரு கட்டிலுக்கு 300 பாத், 500 பாத் வாங்குகிற இடத்தில் ஏஜென்சிக்கு ஒரு சதமும் மிஞ்சாது. ஒரு பாத்தை ஒன்பது, பத்து ரூபாய் என்று கணக்குப் பார்த்தால், அது எங்கள் காசில் இரண்டாயிரத்து எழுநூறுக்கும் ஐந்தாயிரத்துக்கும் இடையில் வரும். அவர்கள் போட்டுத் தருகிற ஹொட்டேல் அறை இரண்டு பேருக்கானது. நீங்கள் ஒரு ஆள் போனாலும் முழு அறைக்கும் கட்டுவீர்கள்.

எங்கள் ஊரில் ஹொஸ்டல் என்றால் பள்ளிக்கூட விடுதி. லொட்ஜ் என்றால் அம்மாமார் முகம் சுளிப்பார்கள். நான் சொல்லும் ஹொஸ்டல் இரண்டுமில்லை. ஒரு அறையில் நாலு, ஆறு, எட்டுக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் திரைச்சீலை, தலைமாட்டில் சின்ன விளக்கும் பிளக்கும், பெட்டிக்கு லொக்கர். குளியலறை பொது. கீழே எல்லோரும் கூடியிருக்க ஒரு மண்டபம், பல இடங்களில் ஒரு குசினியும் இருக்கும். அம்மாவுக்கு இதை இப்படியே விளங்கப்படுத்துங்கள். படம் காட்டினால் இன்னும் நல்லது.

இனி, எனக்கு வயிறு எரிகிற விஷயத்துக்கு வருகிறேன். ரிக்கெற் போடும் தொழிலில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். எங்கள் ஊரில் எத்தனையோ பேர் கையில் ஒரு ஹொட்டேல் வவுச்சரோடுதான், அதாவது அறை பதிவு செய்ததாகச் சொல்லும் தாளோடுதான், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிற்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் வெறும் தாள் என்பதுதான் என் அனுபவம். காசு பிறகு கட்டலாம், இலவசமாக ரத்துச் செய்யலாம் என்று வருகிற அறையொன்றை ஏஜென்சிக்காரர் உங்கள் பெயரில் பதிவு செய்வார். அதை அச்சடித்துத் தருவார். இரண்டு நாளில் ரத்துச் செய்துவிடுவார். 'இமிகிரேஷனுக்குக் காட்டத்தானே தங்கச்சி' என்பார். இதற்கு உங்களிடம் காசும் வாங்குவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு பிள்ளை விடியக்காலையில் பாங்கொக்கில் இருந்து எனக்குப் போன் எடுத்தது. நான் அனுப்பிய பிள்ளை இல்லை, என் வாடிக்கையாளர் ஒருவரின் மருமகள். கையில் ஐந்து இரவுக்கான வவுச்சர். ஹொட்டேல் வரவேற்பில் நிற்கிற பெண் கணினியைத் திருப்பிக் காட்டுகிறாளாம்: பெயர் இருக்கிறது, பக்கத்தில் சிவப்பில் 'ரத்து' என்றும், ரத்தான திகதியும் நேரமும் இருக்கிறது. பிள்ளை காசு கட்டின அடுத்த நாள் பின்னேரம். ஏஜென்சிக்காரரின் போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அன்றைக்கு இருந்த அறைகள் எல்லாம் இரட்டிப்பு விலை. அந்தப் பிள்ளை அழுத அழுகையை நான் மறக்கவில்லை.

தாளின் கெடுதி அறை இல்லாமல் போவதோடு முடியாது. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் போகிற வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதில் நீங்கள் தங்கும் முகவரியைக் கேட்கிறார்கள். ரத்தான ஹொட்டேலின் முகவரியை எழுதினால், ஒரு அரசாங்கத்துக்குப் பொய் எழுதிக் கொடுத்ததாகத்தான் அர்த்தம். அதோடு இன்னொன்று: அந்த அட்டை இலவசம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், தாய்லாந்துக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில், போனிலேயே பத்து நிமிடத்தில் நிரப்பலாம். இதற்கும் 'சேர்விஸ் சார்ஜ்' வாங்குகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அரசாங்கத் தளம் மாதிரியே வேஷம் போட்டு டொலரில் காசு கேட்கிற தளங்களும் இருக்கின்றன. காசு கேட்டால் அது பிழையான இடம், மூடிவிடுங்கள்.

கட்டுநாயக்காவில் உங்களிடம் கூடுதலாகக் கேள்வி கேட்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். ஐடி வேலை, டேட்டா வேலை என்று ஆசை காட்டித் தாய்லாந்துக்கு சுற்றுலாப் பயணி போல அனுப்பப்பட்ட எங்கள் நாட்டுப் பிள்ளைகள் எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். 2024இலும் 2025இலும் பலரை மீட்டுக் கொண்டுவந்தார்கள். ஆகவே அதிகாரிகள் கேட்பதில் நியாயம் உண்டு. நியாயமில்லாதது, ஏமாற்றி அனுப்பினவன் ஊரில் திரிய, சொந்தக் காசில் ஊர் பார்க்கப் போகிற பெண்பிள்ளையிடம் 'வீட்டில் தெரியுமா, கூட ஆர் வருகினம்' என்று வரிசையில் எல்லோருக்கும் கேட்கக் கேட்பது. பக்கத்தில் நிற்கிற அதே வயதுப் பெடியனிடம் அந்தக் கேள்வி வராது. பதில் சொல்லிக் களைக்க வேண்டாம். திரும்பி வரும் ரிக்கெற், உண்மையான பதிவு, வேலைசெய்யும் இடத்தின் லீவுக் கடிதம், காசு இருப்பதற்கு ஆதாரம், நாலையும் ஒரே கோப்பில் வைத்து நீட்டுங்கள். விசா விஷயத்தில், 2024 ஜூலையில் விசா இல்லாமல் வரக்கூடியவர்களின் பட்டியலில் தாய்லாந்து எங்களையும் சேர்த்தது. அது இப்போதும் உண்டா, எத்தனை நாள் என்பதை ரிக்கெற் போட முன்னர் தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அது மாறக்கூடியது.

சரி, பழக ஆட்கள் கிடைக்கிற ஹொஸ்டலை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டில் படத்தைப் பார்க்காதீர்கள், கட்டில் எல்லா இடத்திலும் ஒன்றுதான். பொது மண்டபத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கதிரைகள் சுவரைப் பார்த்து வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் முன்னால் மடிக்கணினிப் பலகை என்றால், அங்கே எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். நடுவில் ஒரு நீட்டு மேசை, வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன, சுவரில் வெள்ளைப் பலகையில் 'இன்று ஏழு மணி, இரவுச் சந்தை' என்று கையால் எழுதியிருக்கிறது என்றால், அதுதான் நீங்கள் தேடுகிற இடம். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருக்கிறவரிடம் 'இது என்ன சாப்பாடு' என்று கேட்பதில்தான் முக்கால்வாசிச் சிநேகிதம் தொடங்குகிறது.

அப்புறம் விமர்சனங்கள். புதியது முதலில் வருமாறு வரிசைப்படுத்தி, தனியாகப் போன பெண்கள் எழுதியதை மட்டும் ஒரு இருபது வாசியுங்கள். மதிப்பெண்ணை விடச் சொற்கள் முக்கியம். 'அமைதி, சுத்தம், நல்ல இணையம்' என்று எல்லோரும் எழுதினால் நித்திரைக்கு நல்ல இடம், கதைக்க ஆள் இருக்காது. 'வேலை செய்கிறவர்கள் எங்களைச் சந்தைக்குக் கூட்டிப் போனார்கள்', 'இரண்டு இரவுக்கு வந்து ஐந்து இரவு நின்றேன்' என்பவை நல்ல அடையாளம். 'ஒவ்வொரு இரவும் பார் பாராக' என்று வந்தால் விட்டுவிடுங்கள். பாங்கொக்கில் காவோ சான் வீதிப் பக்கம் அப்படியானவை கூடுதல். நாற்பது கட்டிலுக்குக் குறைந்த சின்ன இடமாகப் பாருங்கள். கட்டிடம் கலப்பாக இருக்கட்டும், அறை பெண்களுக்கு மட்டும் என்று எடுங்கள். முதலில் இரண்டு இரவுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். பிடித்தால் அங்கேயே நீட்டலாம்.

பதிவு செய்த பிறகு ஒரு பொறி இருக்கிறது. ஹொஸ்டலின் பெயரிலேயே, சில வேளை பதிவுத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே, 'உங்கள் கார்ட் சரிபார்க்கப்படவில்லை, 12 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பை அழுத்தாவிட்டால் பதிவு ரத்து' என்று செய்தி வரும். ஹொட்டேல்காரரின் கணக்கைத் திருடினவர்கள் அனுப்புவது அது. உங்கள் பெயர், திகதி எல்லாம் சரியாக இருக்கும், அதனால்தான் பலர் நம்பிவிடுகிறார்கள். இணைப்பைத் தொடாதீர்கள். தளத்தின் வெளியே, வட்ஸ்அப்பில் பேசி, வங்கிக் கணக்குக்குக் காசு போடச் சொன்னாலும் போடாதீர்கள்.

அங்கே போனதும் கடவுச்சீட்டை வாங்கிப் பார்ப்பார்கள், பிரதி எடுப்பார்கள். வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் குடிவரவுக்கு அறிவிப்பது அவர்களுடைய கடமை. ஆனால் அதைத் தங்களிடமே வைத்துக்கொள்ளத் தேவையில்லை, பிரதி எடுத்த கையோடு திருப்பி வாங்குங்கள். லொக்கருக்குப் பூட்டு பல இடங்களில் தரமாட்டார்கள். வீட்டில் இருந்தே ஒரு சின்ன ஆமைப்பூட்டும் துவாயும் கொண்டுபோங்கள்.

மாமிக்குத் தெரிந்த குடும்பத்துக்கு வருகிறேன். அவர்கள் நல்லவர்களாக இருக்கலாம். ஒரு நாள் மத்தியானம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், கையில் பனங்கட்டிக் குட்டான் ஒன்றும் கொண்டுபோங்கள். ஆனால் அங்கே நிற்க வேண்டாம். நாட்டுக்கு நாடு 'எங்கட ஆள்' இருக்கிறார் என்று பெண்பிள்ளைகளை முகமே தெரியாத வீடுகளுக்கு அனுப்புகிற இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஹொஸ்டலில் ஏதும் நடந்தால் வரவேற்பு இருக்கிறது, கமரா இருக்கிறது, அறையில் இன்னும் ஐந்து பெண்கள் இருக்கிறார்கள். தெரிந்தவர் வீட்டில் நடந்தால் நீங்கள்தான் வாய் மூட வேண்டிவரும். பேஸ்புக் தமிழ்க் குழுக்களில் 'எங்கள் அபார்ட்மென்டில் அறை இருக்கிறது, ஐந்து நாளுக்குத் தரலாம்' என்று வருவதையும் எடுக்காதீர்கள். தாய்லாந்தில் 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட ஹொட்டேல் அனுமதி வேண்டும். அது இல்லாத இடத்தில் காவலாளி வாசலிலேயே மறித்தால் நீங்கள் யாரிடமும் முறையிட முடியாது.

ஹொஸ்டலில்தான் நில்லுங்கள் என்ற என் பேச்சுக்கு ஒரு விலக்கு உண்டு. விமானம் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு இறங்குவதானால் முதல் இரவு ஹொஸ்டல் வேண்டாம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், கூட்டிப்போக வாகனம் அனுப்புகிற ஹொட்டேல் ஒன்றில் நில்லுங்கள். கட்டுநாயக்காவில் இருந்து சாமத்துக்குப் பிறகு புறப்படுகிற விமானம் என்றால் விடியத்தான் இறங்கும், அப்போது இது உங்களுக்கு இல்லை. ஆனாலும் விமான நேரத்தை நிறுவனங்கள் மாற்றும், தாமதமும் வரும், அதனால் வடிவாகக் கேளுங்கள். சின்ன ஹொஸ்டல்களில் இரவு பத்து மணியோடு வரவேற்பைப் பூட்டிவிடுவார்கள். கதவுக்கான இலக்கத்தைப் போனுக்கு அனுப்புகிறோம், நீங்களே திறந்து வாருங்கள் என்பார்கள். பகலில் அது சுலபம். சாமத்தில், புது சிம் வேலை செய்யாமல், டாக்சிக்காரர் ஒழுங்கைக்குள் வர மறுத்து முடக்கில் இறக்கிவிட, தாய் எழுத்தில் எழுதின பலகைகளுக்கு நடுவே பெட்டியை இழுத்துக்கொண்டு இலக்கத்தைத் தேடுவது வேறு. 'எங்கள் ஆள் முழித்திருப்பார்' என்று அவர்கள் எழுதினாலும் வேண்டாம். இரண்டு பேராகப் போனாலும் வேண்டாம். அந்த ஒரு இரவுக்குக் கூடுதலாக ஐயாயிரம் ரூபாய் போனால் போகட்டும்.

விடிய இறங்கினால் வேறொரு சிக்கல்: கட்டில் பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் தருவார்கள். முதல் நாளே செய்தி அனுப்பி, பெட்டியை வைத்துவிட்டுக் குளிக்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். விமான நிலையத்தில் இருந்து நகருக்கு ரயில் இருக்கிறது, விடியவே ஓடத் தொடங்கிவிடும். சுற்றுலாப் பொலிஸின் இலக்கம் 1155, போனில் பதிந்து வையுங்கள். அம்மாவிடம் ஹொஸ்டலின் பெயர், முகவரி, தொலைபேசி, எந்தெந்த இரவு எங்கே என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் மற்றச் செய்திகளோடு கீழே போய்விடும்.

சியாங் மாயிலும் இதே விதிதான். அகழி சூழ்ந்த பழைய நகரத்துக்குள் பாருங்கள், எல்லாம் நடந்துபோகும் தூரம். மாசி, பங்குனி, சித்திரையில் அங்கே காட்டை எரிக்கிற புகை மூடிவிடும், மூச்சுத் தொல்லை இருந்தால் அந்த மாதங்களைத் தவிருங்கள். பாங்கொக்கில் இருந்து இரவு ரயிலில் போங்கள். மாலையில் புறப்படுகிற புதிய விசேட விரைவு ரயிலில் பெண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மட்டுமான படுக்கைப் பெட்டி ஒன்று உண்டு. ஒரு இரவு வாடகையும் மிச்சமாகும். அந்தப் பெட்டி கெதியாக நிரம்பும். ஹொஸ்டலைப் பதிவு செய்கிற அன்றைக்கே, தாய்லாந்து ரயில்வேயின் சொந்தத் தளத்தில், நீங்களே எடுத்துவிடுங்கள்.