பாட்டனைத் துரத்திய பேரன்

கேள்வி: முதல் உலகப் போர் முடிந்ததும் 1918-ல் மாண்டினீக்ரோ தானாகவே முன்வந்து செர்பியாவுடன் இணைந்தது. ஒரே மொழி, ஒரே மதம். அப்படியிருந்தும் 2006-ல் பிரிந்துபோனார்கள். இது நன்றிகெட்டத்தனம் இல்லையா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: 'தானாகவே முன்வந்து' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்!

1916 ஜனவரியில் ஆஸ்திரியா-ஹங்கேரியிடம் மாண்டினீக்ரோ சரணடைந்தது. அரசர் நிகோலா இத்தாலிக்குத் தப்பி, அங்கிருந்து பிரான்சுக்குப் போனார். 1918 கடைசியில் ஆஸ்திரியர்கள் மூட்டை கட்டியதும் உள்ளே வந்தது செர்பிய ராணுவம். ஊர் திரும்புகிறேன் என்று நிகோலா கேட்டுப் பார்த்தார். நேச நாடுகள் விடவில்லை. அரசர் வெளியே, அண்டை நாட்டு ராணுவம் உள்ளே. இந்த லட்சணத்தில்தான் ஒரு தேர்தல் நடந்தது.

1905-லேயே அந்த நாட்டுக்கு அரசியல் சட்டம் உண்டு, நாடாளுமன்றமும் உண்டு. இரண்டையும் ஓரங்கட்டிவிட்டு, அவசர அவசரமாக ஒரு தனிச் சபைக்கு ஆள் பிடித்தார்கள். இணைப்பை ஆதரித்தவர்களின் பட்டியல் வெள்ளைத் தாளில் அச்சானது. எதிர்த்தவர்களின் பட்டியல் பச்சைத் தாளில். கையில் இருக்கும் தாளின் நிறத்தைப் பார்த்தாலே ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். சபை கூடியதும் தலைநகர் செட்டினியேவில் அல்ல. அங்கே அரசரின் ஆட்கள் அதிகம். பொத்கோரிட்சாவில் கூடி, நவம்பர் 26-ம் தேதி நிகோலாவின் வம்சத்தைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். நாட்டை செர்பிய அரச குடும்பத்தின் கீழ் இணைத்தார்கள். டிசம்பர் 1-ம் தேதி எல்லாமே பிற்பாடு யூகோஸ்லாவியா என்று பெயர் பெற்ற புதிய ராஜ்யத்துக்குள் போய்விட்டது.

அப்போது செர்பியாவின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த இளவரசர் அலெக்சாண்டர் யார் தெரியுமா? நிகோலாவின் மூத்த மகள் ஜோர்க்காவின் பிள்ளை. பிறந்ததே செட்டினியேவில்தான். மகள் வயிற்றுப் பேரனுக்காகப் பாட்டனின் முடி பறிபோனது. 1921-ல் பிரான்சிலேயே கிழவர் கண்ணை மூடினார். அவருடைய எலும்புகள் ஊர் வந்து சேர 1989 ஆகிவிட்டது.

இதை முழுக்க முழுக்க மோசடி என்று நான் சொல்லமாட்டேன். பெல்கிரேடில் படித்த மாண்டினீக்ரோ இளைஞர்கள் பலர் இணைப்பை மனதார விரும்பினார்கள். 1860 முதல் நாற்காலியை விடாத நிகோலாவும் பெரிய ஜனநாயகவாதி அல்ல. இன்னும் சொன்னால், பச்சைக் கட்சியிலேயே பலருக்கு இணைப்பின் மேல் கோபம் இல்லை. சரிசமமாகச் சேர வேண்டும், செர்பியா விழுங்கிவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் கேட்டது. அது கிடைக்காததால் 1919 ஜனவரியில், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸ் சமயத்தில், துப்பாக்கியைத் தூக்கினார்கள். செர்பிய ராணுவம் அடக்கியது. மலைகளில் மிச்சமிருந்தவர்கள் இன்னும் சில வருஷங்கள் சண்டை போட்டார்கள். தானாக முன்வந்து சேர்ந்த ஊரில் நடக்கிற காரியமா இது? 1929-ல் மாகாணங்களைப் பிரித்தபோது மாண்டினீக்ரோ என்ற பெயரே வரைபடத்தில் இல்லை. ஜெட்டா என்ற ஒரு நதியின் பெயரை மாகாணத்துக்கு வைத்துவிட்டார்கள்!

தனிக் குடியரசு என்ற அந்தஸ்து இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, யூகோஸ்லாவியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் காலத்தில்தான் கிடைத்தது. 1992-ல் யூகோஸ்லாவியா உடைந்தபோது ஒரு வாக்கெடுப்பு நடந்தது. 95 சதவீதத்துக்கு மேல் 'செர்பியாவோடு இருப்போம்' என்றார்கள். ஆனால், பிரிவினை கேட்டவர்கள் அதைப் புறக்கணித்தார்கள். பக்கத்தில் போர் வேறு.

சரி, 2006-க்கு வருவோம். யாரும் இரவோடு இரவாக ஓடிப்போகவில்லை. 2003-ல் இருவரும் போட்ட ஒப்பந்தத்திலேயே, மூன்று வருஷம் கழித்து விரும்பினால் விலகலாம் என்று எழுதியிருந்தது. அதற்கும் முன்பே ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது: செர்பியாவில் தினார் செல்லுபடியாக, மாண்டினீக்ரோவில் முதலில் ஜெர்மன் மார்க், பிறகு யூரோ. 2006-ல் நடக்கும் வாக்கெடுப்பில் 55 சதவீதம் கிடைத்தால்தான் பிரியலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனை போட்டது. கிடைத்தது 55.5. மயிரிழைதான். இன்றைக்கும் அங்கே மூன்றில் ஒருவர் தன்னை செர்பியர் என்றுதான் பதிவு செய்கிறார். 2018-ல் அவர்களுடைய நாடாளுமன்றம் பொத்கோரிட்சா சபையின் முடிவுகளை ரத்து செய்து தீர்மானம் போட்டது. அதற்கும் உள்ளூரிலேயே எதிர்ப்பு.

நன்றிக் கணக்குதான் பார்க்க வேண்டும் என்றால், 1916 ஜனவரி 6, 7-ல் மாண்டினீக்ரோவின் மோய்கோவாட்ஸில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோற்றுப்போன செர்பியப் படை அல்பேனிய மலைகள் வழியாகக் கடலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. துரத்தி வந்த ஆஸ்திரியர்களை அங்கே பனியில் மறித்து நின்றது மாண்டினீக்ரோ படை. செர்பியர்கள் கோர்ஃபு தீவு போய்ச் சேர்ந்து, மறுபடி ராணுவமாகத் திரண்டார்கள். அந்த ராணுவத்தின் ஒரு பிரிவுதான் 1918-ல் மாண்டினீக்ரோவுக்குள் நுழைந்தது.