முற்றத்தில் இத்தாலிய விருந்து: சூடாக ஒரு சாப்பாடு போதும்

கேள்வி: எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்குக் கிட்ட. ஆடி மாதம் என்னோடு சேர்த்துப் பத்துப் பேருக்கு முற்றத்தில் இத்தாலிய முறையில் இராச்சாப்பாடு கொடுக்க விருப்பம். போன முறை பாஸ்தா கட்டிபட்டது, காற்றில் மெழுகுதிரி ஒன்றும் நிற்கவில்லை, நான் முழு நேரமும் குசினியில்தான். இந்த முறை நானும் மேசையில் இருக்க வழி உண்டா?

பதில்: உண்டு. சூடாகப் பரிமாறும் சாப்பாட்டை ஒன்றாகக் குறையுங்கள். இத்தாலிய வீட்டு மேசைக்கு வருவதில் பல ஆறிய பின்தான் ருசிக்கும். பாஸ்தா வைத்தால் மீன் சுடுவதை இன்னொரு நாளுக்கு விடுங்கள்.

முதல் நாளே கப்பொனாத்தா செய்துவிடலாம். சிசிலித் தீவின் இந்தக் கத்தரிக்காய்க் கறி நம்முடைய மோஜுவுக்கு நெருங்கிய சொந்தம். ஒன்றரைக் கிலோ கத்தரிக்காயைத் துண்டுகளாக்கி, உப்பிட்டு அரை மணி நேரம் வைத்து, பிழிந்து பொரியுங்கள். எண்ணெய் நன்றாகக் காயாவிட்டால் கத்தரிக்காய் அதைக் குடித்துவிடும். மூன்று வெங்காயம், இரண்டு தண்டு செலரி, அரைக் கிலோ தக்காளியைத் தனியே வதக்கி, நாலு மேசைக்கரண்டி வினாகிரி, இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு பிடி ஒலிவ் காய் சேர்த்து எல்லாவற்றையும் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சாப்பிட ஒரு மணி நேரம் முன் வெளியே எடுத்தால் போதும்.

தொடக்கத்துக்கு ரோஸ் பாணை வெட்டி, வெறும் தாச்சியில் வாட்டி, வெட்டிய உள்ளியால் தேயுங்கள். உப்பிட்டு நீர் வடித்த தக்காளியை வேறு கோப்பையில் வையுங்கள். முன்கூட்டியே பாணில் போட்டால் ஊறிப்போகும். அவரவர் அள்ளிப் போடட்டும்.

இனிப் பாஸ்தா. அது கட்டிபட முக்கிய காரணங்கள் தண்ணீர் போதாமையும், வடித்துவிட்டு ஆட்களுக்காகக் காத்திருப்பதும். மேலே படிந்த மாப்பசை காற்றுப் பட்டதும் காய்ந்து ஒட்டும். இதற்குப் பயந்து பச்சைத் தண்ணீரில் கழுவினால் பசை போய்விடும், பிறகு சாறு பிடிக்காது. பத்துப் பேருக்கு 800 கிராம் ஸ்பகெட்டி. இரண்டு பானை, ஒவ்வொன்றிலும் 4 லீற்றர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி உப்பு. ஆட்கள் வந்து சேரும்போது மூடி போட்டு அடுப்பில் வையுங்கள். எல்லோரும் கதிரையில் இருந்த பிறகே பாஸ்தாவைப் போடுங்கள். கேஸ் அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், காற்று சுவாலையைத் தள்ளிவிடும்.

ஓட்டோடு ஒன்றரைக் கிலோ இறால் வாங்கிச் சுத்தம் செய்து, பகலிலேயே பெட்டியில் வையுங்கள். பாஸ்தா வேகும்போது இரண்டு தாச்சியில் 150 மில்லிலீற்றர் ஒலிவ் எண்ணெயைப் பிரித்து ஊற்றி, இறாலை இரண்டு மூன்று நிமிடம் வதக்கி எடுத்துவிடுங்கள். நெருப்பைக் குறைத்து, அதே எண்ணெயில் மெல்லியதாக அரிந்த பன்னிரண்டு பல் உள்ளி, நாலு செத்தல் மிளகாய். உள்ளி வெளிர்பொன் நிறத்தைத் தாண்டினால் கசக்கும். பைக்கற்றில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் 8 நிமிடத்தில் பாஸ்தாவை எடுத்துத் தாச்சியில் போட்டு, வெந்த தண்ணீரில் ஒவ்வொரு கோப்பை ஊற்றி, பெரிய நெருப்பில் இரண்டு நிமிடம் பிரட்டுங்கள். எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால்போல் வெளுத்து இழையைப் பூசும். அகப்பையால் தூக்கும்போது சாறு கொஞ்சம் ஒழுக வேண்டும். மேசைக்குப் போகும் வழியிலேயே பாஸ்தா அதை இழுத்துவிடும். இறாலைச் சேர்த்து, சுடுதண்ணீரில் சூடாக்கித் துடைத்த தட்டத்தில் கொட்டி, தேசிக்காய் பிழிந்து மேசை நடுவில் வையுங்கள். கடலுணவுப் பாஸ்தாவுக்கு இத்தாலியர் பொதுவாகச் சீஸ் போடுவதில்லை. அந்தக் காசு உங்களுக்கு மிச்சம்.

காற்றை வெல்ல முடியாது, ஒதுங்கலாம். ஆடி மாதத்துக் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வரும். ஆகவே மேசை வீட்டின் வடகிழக்குப் பக்கம், சுவரிலிருந்து இரண்டு மீற்றருக்குள். வீட்டுக்கும் மதிலுக்கும் இடைப்பட்ட ஒடுக்கத்தில் போடாதீர்கள், காற்று அங்கேதான் வேகம் பிடிக்கும். ஒருவருக்கு 60 சென்ரிமீற்றர் கணக்கில், பக்கத்துக்கு நாலு பேரும் தலைமாட்டில் ஒவ்வொருவரும் இருக்க 2.4 மீற்றர் நீளம் வேண்டும். இரண்டு மேசையைச் சேர்த்துக்கொள்ளலாம். மணலில் கதிரைக்கால் புதையும், கீழே பலகை போடுங்கள். மெழுகுதிரிக்குப் பதில் அரிக்கன் லாம்பு. கடதாசித் துடைப்பான் பறக்கும், துணி நல்லது.

டெங்கு நுளம்பு பொழுதுபடும் நேரத்திலும் கடிக்கும், பெரும்பாலும் காலில்தான். நிற்கும் ஃபேனை முழங்கால் உயரத்துக்கு இறக்கி மேசைக்கு அடியால் வீசவிடுங்கள். நுளம்பு காற்றை எதிர்த்துப் பறக்க மாட்டாது. மேசைக்கு மேல் மஞ்சள் பல்ப் போதும், வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி கூடும்.

கடைசியில் கிரனீற்றா, உறையவிட்டுக் கீறி எடுக்கும் ஐஸ் இனிப்பு. ஒரு லீற்றர் தண்ணீரில் 220 கிராம் சீனியைக் கரைத்து, 150 மில்லிலீற்றர் தேசிக்காய்ச் சாறு சேர்த்து, தட்டையான தட்டில் உறையவிட்டு, அரை மணிக்கொரு தரம் முள்ளுக்கரண்டியால் கீறுங்கள். சீனி கூடினால் உறையாது, குறைந்தால் கல்லாகும். நம்மூர் வெக்கையில் சீக்கிரம் உருகும் என்பதால் பரிமாறும் கோப்பைகளையும் பகலிலேயே உறைபெட்டியில் வைத்துவிடுங்கள்.