மதகுச் சுவரும் மாமாவும்

கேள்வி: எங்கள் ஊர் வாய்க்கால் மதகுச் சுவரில் நாலு பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு படம் வரைந்துவிட்டார்கள். ஆகாயத்தாமரை மண்டிய வாய்க்காலில் ஒரு விவசாயி குனிந்து தண்ணீரைத் தேடுகிற மாதிரி படம். மூன்றே நாளில் வெள்ளையடித்துவிட்டார்கள். பொதுச் சொத்தைப் பாழாக்கினால் இப்படித்தான் என்கிறார் என் மாமா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- கடைமடை வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: மாமா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பொது இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாதென்று நம் மாநிலத்தில் 1959-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் பழைய கோயில் தூண்களில் அம்பு விட்ட இதயத்தோடு பெயர் கீறி வைக்கிறார்களே, அதற்கெல்லாம் கலை என்று வக்காலத்து வாங்க நான் வரமாட்டேன்.

ஆனால் மாமாவிடம் ஒன்று கேளுங்கள். அந்த மதகிலிருந்து பத்தடி தள்ளி, தேர்தலுக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே கட்சிக்காரர்கள் சுவரைப் பிடித்து வைத்து எழுதியிருப்பார்கள், அதன் மேல் மஞ்சள் நீராட்டு விழா போஸ்டர், அதற்கும் மேல் கண்ணீர் அஞ்சலி. அங்கே யாராவது சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்களா? போகவில்லை என்றால் அவர்களை உறுத்தியது சுவரில் இருந்த பெயின்ட் இல்லை, படத்தில் இருந்த ஆகாயத்தாமரை. தூர்வாரியிருந்தால் அந்தப் படத்துக்கே வேலை இருந்திருக்காது.

நியூயார்க்கில் 5 பாயின்ட்ஸ் என்று ஒரு பழைய கட்டடம். சொந்தக்காரரே வருஷக்கணக்கில் வரைய விட்டிருந்தார், அப்புறம் 2013-ல் ஒரே ராத்திரியில் வெள்ளையடித்துவிட்டார். ஓவியர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2018-ல் 21 பேருக்கும் சேர்த்து 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கட்டடம் அவருடையதுதான், ஆனால் அங்கே வரைந்தவர்கள் ஒளிந்து வரைந்தவர்கள் இல்லை, சம்மதத்தோடு வரைந்தவர்கள். நம் பையன்கள் கோட்டை விட்டது அந்த இடத்தில்தான்.

அதனால் அடுத்த முறை மதகு வேண்டாம். ரைஸ் மில் காம்பவுண்டோ, யாராவது வீட்டுப் பக்கச் சுவரோ கேட்டு, சுவர்க்காரரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, பட்டப்பகலில் வரையட்டும். ஆமாம், உங்கள் மாமா வீட்டுச் சுவர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, வாய்க்கால் பக்கமா?