‘சுகர் இருந்துச்சு, அதான்’ – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயரும் ஊரும் போட வேண்டாம். 2021 மே மாதம் அப்பா கொரோனாவில் தவறிப்போனார். 58 வயது. 14 வருஷமாக சுகர், பிரஷரும் உண்டு. ஆனாலும் காலையில் தோப்புக்குள் இறங்கினால் மதியம்தான் வீட்டுக்கு வருவார். பொள்ளாச்சியில் ஒரு டாக்டரிடம்தான் பார்ப்பார், மாத்திரையும் அங்கேயே வாங்குவார். 2020 லாக்டவுனில் மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாமல், இருந்த சுகர் மாத்திரையைப் பாதிப் பாதியாக உடைத்துப் போட்டு நாளை ஓட்டினார். பிரஷர் மாத்திரை போட்டால் கொரோனா சீக்கிரம் பிடிக்கும் என்று வாட்ஸப்பில் வந்ததை நம்பி அதையும் கொஞ்ச நாள் விட்டுவிட்டார்.

இன்றைக்கும் யாராவது விசாரித்தால், அம்மா வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் “சுகர் இருந்துச்சு, அதான்” என்று முடித்துவிடுகிறார்கள். எப்படியும் போயிருப்பார் என்பது மாதிரி. மாமாவோ, ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு போட்டுத்தான் சுகர் நானூறைத் தாண்டியது என்கிறார். எதை நம்புவது? அம்மாவுக்கும் சுகர்தான். தம்பிக்கு வீசிங். 2025 மே, ஜூனில் கேரளத்தில் எண்ணிக்கை மறுபடி ஏறியதிலிருந்து அம்மா கல்யாணம் காட்சிக்குக்கூடப் போவதில்லை. அவரிடம் என்ன சொல்லட்டும்?

ஒரு தங்கை

அன்புள்ள தங்கைக்கு,

நான் டாக்டர் இல்லை. அந்த இரண்டு வருஷமும் இதைப் பற்றித் தேடிப் படித்தவன், தெரிந்த டாக்டர்களை நச்சரித்தவன். அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் “சுகர் இருந்துச்சு, அதான்”. அந்தப் பேச்சு எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. சுகர் இருந்ததால் ஆபத்து கூடியது, உண்மை. ஆனால் சுகர் இருந்ததால் எப்படியும் போயிருப்பார் என்பது வேறு பேச்சு, அது பொய். 58 வயதில் தோப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்த சுகர்க்காரர் எத்தனை பேர் எழுபத்தைந்தைத் தாண்டி வாழ்கிறார்கள் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். பிரிட்டனில் ஒரு ஆராய்ச்சிக் குழு இதையே கணக்குப் போட்டது. கொரோனாவில் இறந்தவர்களுக்கு ஏற்கெனவே இருந்த நோய்களையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், ஆளுக்குச் சராசரியாகப் பத்து வருஷம் போல ஆயுள் பறிபோயிருந்தது. மரண அறிக்கையில் ‘இணை நோய்’ என்று ஒரு வரி வந்துவிட்டால், படிக்கிற நமக்கு ‘அப்பாடா, நமக்கில்லை’ என்று ஒரு ஆறுதல். நமக்கில்லை என்று அத்தனை பேரும் சொல்லிவிடவும் முடியாது. 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 14 பேருக்கு மேல். எல்லைக்கு எந்தப் பக்கம் போனாலும் இது ஊரில் பாதி வீட்டுச் சமாச்சாரம்.

சரி, சுகர் என்ன செய்கிறது? ரத்தத்தில் சர்க்கரை நாள்கணக்கில் ஏறியே இருந்தால், கிருமியைத் துரத்திப் பிடிக்கிற வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. வைரஸ் நுழைந்ததும் அடிக்க வேண்டிய முதல் அபாய மணி தாமதமாக அடிக்கிறது. அதற்குள் வைரஸ் பெருகிவிடும். அப்புறம் உடம்பு விழித்துக்கொண்டு தாறுமாறாகப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில் அடி வாங்குவது நம்முடைய நுரையீரலும்தான். இன்னொன்று, வருஷக்கணக்கான சுகரில் ரத்தக் குழாய்களின் உள்சுவர் ஏற்கெனவே கெட்டிருக்கும். கொரோனாவும் அதே உள்சுவரைத்தான் தாக்குகிறது. நுரையீரலின் மெல்லிய குழாய்களில் ரத்தம் கட்டிக்கொள்வது அப்படித்தான். சிறுநீரகம், இதயம் எல்லாம் வெளியே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கும். உங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கிணறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசி மாதம் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும், ஒரு மோட்டாருக்குக் கொடுக்கவும் செய்யும். ஒரே நாளில் மூன்று மோட்டார் போட்டால்தான் அடி தட்டுவது தெரியும். அப்பா தோப்பில் வேலை செய்ததும் நிஜம், உள்ளே கையிருப்பு குறைந்திருந்ததும் நிஜம்.

ஆனால் சுகர் என்பது இருக்கிறது, இல்லை என்று இரண்டே கட்டமாகப் பார்க்கிற விஷயம் இல்லை. இங்கிலாந்தில் 1.7 கோடிப் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2020-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. சுகர் கட்டுக்குள் இருந்தவர்களுக்குக் கொரோனா மரண ஆபத்து, சுகரே இல்லாதவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கும், மாற்று உறுப்பு பொருத்தியவர்களுக்கும், புதிதாக ரத்தப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் அதைவிட அதிகம். டயாலிசிஸ் செய்கிறவர் வீட்டிலேயே அடைந்து கிடக்கவும் முடியாது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போய் மற்றவர்களோடு ஒரே அறையில் படுத்தாக வேண்டும். இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது வயது. எண்பதைத் தாண்டியவர்களுக்கு, ஐம்பதுகளில் இருப்பவர்களைவிட இருபது மடங்குக்கு மேல் ஆபத்து. பிரஷரை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிரஷரோடு கூட வருகிற வயதும் சுகரும் சிறுநீரகமும்தான் கணக்கை ஏற்றுகின்றன.

பிரஷர் மாத்திரை வதந்தி எங்கிருந்து வந்தது தெரியுமா? அது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. வைரஸ் நம் செல்லுக்குள் நுழையும் கதவு ஏசிஇ2 என்ற புரதம். சில வகை பிரஷர் மாத்திரைகள் அந்தக் கதவுகளைக் கூட்டிவிடுமோ என்று 2020 மார்ச்சில் ஆராய்ச்சியாளர்களே சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் மறுநாளே வாட்ஸப்புக்கு வந்துவிட்டது. விடைதான் மெதுவாக வந்தது. பிரேசிலில், கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 659 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்த மாத்திரைகளை நிறுத்தினார்கள், மறு பாதிக்குத் தொடர்ந்தார்கள். நிறுத்தியதால் ஒரு பலனும் இல்லை. மாத்திரையை விட்டது அப்பாவின் தவறு என்று வீட்டில் யாராவது சொன்னால், அன்றைக்கு டாக்டர்களுக்கே குழப்பம் இருந்தது என்று சொல்லுங்கள்.

மாமா சொல்வதில் பாதி சரி. ஸ்டீராய்டு சுகரை ஏற்றும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூச்சு முட்டி ஆக்சிஜன் தேவைப்பட்ட கட்டத்தில், உயிரைக் காக்கும் என்று பெரிய சோதனையில் முதலில் உறுதியான மருந்தும் அதுதான். 2020 ஜூனில் பிரிட்டனிலிருந்து அந்த முடிவு வந்தது. வெண்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதும் அதே சோதனையில் தெரிந்தது. ஆனால் 2021-இல் காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் ஏராளம். அந்த வருஷம் கருப்புப் பூஞ்சை அப்படிப் பரவியதற்கு, ஏறிய சுகரும் கண்டபடி கொடுத்த ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள். அப்பாவுக்கு ஆக்சிஜன் குறைந்த பிறகு கொடுத்திருந்தால், அது செய்ய வேண்டிய வைத்தியம். கூடவே இன்சுலின் போட்டு சுகரை இறக்கியிருக்க வேண்டும். அந்த மே மாதத்துக் கூட்டத்தில் அதை யார் எந்த அளவுக்குப் பார்த்தார்கள் என்று எனக்கும் உங்களுக்கும் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தப் பாதி மாத்திரையைத்தான். சுகர்க்காரருக்கு ஆபத்து அதிகம் என்று அரசாங்கங்கள் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில், அவர் மாத்திரை வாங்கும் கடைக்கும் அவருக்கும் நடுவில் செக்போஸ்ட். பாஸ் வாங்கிப் போகலாம்தான். தோப்பு வேலைக்காரர் போனில் பாரத்தை நிரப்பி, எதற்குப் போகிறேன் என்று இரண்டு மாநிலத்துக்கும் விளக்குவதற்குள் மாத்திரை அட்டை காலியாகியிருக்கும். வடக்கே, கேரள-கர்நாடக எல்லையில் இருக்கும் தலப்பாடியில் இன்னும் மோசம். 2020 மார்ச் கடைசியில் கர்நாடகம் சாலையை அடைத்தது. மங்களூரு ஆஸ்பத்திரிகளையே நம்பியிருந்த காசர்கோடு நோயாளிகளின் ஆம்புலன்ஸ்கள் திரும்பின. சிலர் இறந்தார்கள். வழக்கு கேரள உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லையோரத்துக்காரனுக்கு டாக்டர் ஒரு மாநிலம், ரேஷன் கார்டு ஒரு மாநிலம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். கோபாலபுரத்துக்குக் கேரளப் பக்கம் இருக்கும் உங்கள் வீட்டுக்கு வராது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். 2021 இல்லை இப்போது. பெரும்பாலானவர்கள் ஊசி போட்டாயிற்று, முன்பே ஒரு தடவையாவது நோயும் வந்து போயிற்று. அதனால் உடம்புக்கு வைரஸ் புதிது இல்லை. பயம் வேண்டாம், கவனம் போதும். கல்யாணத்துக்குப் போகட்டும். காற்றில்லாத மண்டபத்தில் இருமலும் சளியுமாக நாலு பேர் இருந்தால் மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும், ஆஸ்பத்திரி ஓபி வரிசையில் கட்டாயம் போடட்டும். அவருடைய மூன்று மாத சராசரி சுகர் என்ன என்று பாருங்கள். அதைக் குறைப்பது, வீட்டுக்குள் அடைந்து கிடப்பதைவிட அவரைக் காப்பாற்றும். காய்ச்சல் வந்தால் அவராகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது, வழக்கத்தைவிட அடிக்கடி சுகர் பார்க்க வேண்டும். வாந்தி பேதி இருந்தால் சில மாத்திரைகளை டாக்டர்களே சில நாள் நிறுத்தச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனால், மூச்சு வாங்காவிட்டாலும் கிளம்பிவிடுங்கள். இந்த நோயில் மூச்சுத் திணறல் தெரியாமலே ஆக்சிஜன் இறங்கும்.

தம்பிக்கு இன்ஹேலர் ஒழுங்காகப் போனால் அவ்வளவு கவலை இல்லை. கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமா, எல்லோரும் பயந்த அளவுக்கு ஆபத்தைக் கூட்டவில்லை.

ஒரு வேலை மட்டும் இந்த மாதமே முடித்துவிடுங்கள். அம்மாவின் பொள்ளாச்சி சீட்டில் பிராண்டு பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் அளவும் எழுதச் சொல்லி வாங்குங்கள். அதைக் கொண்டுபோய் உங்கள் ஊர் குடும்பாரோக்ய கேந்திரத்தில் (அரசு ஆரம்ப சுகாதார நிலையம்) சுகர், பிரஷர் கிளினிக்கில் பதிந்துவிடுங்கள். மலையாளம் எழுத வராவிட்டால் ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பொள்ளாச்சி டாக்டரை விட வேண்டாம். ஆனால் ஒரு மாத மாத்திரை எப்போதும் வீட்டில் கூடுதலாக இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்