ஜன்னல் திட்டு மட்டமாக இல்லை, டைல்ஸ் ஒட்டலாமா?

கேள்வி: எங்கள் வீடு பதினைந்து வருடப் பழசு. ஹாலில் மூன்று ஜன்னல்கள். ஒவ்வொன்றும் நாலடி அகலம். உட்புறத் திட்டில் டைல்ஸ் ஒட்டலாம் என்றால், பூச்சு மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இடது ஓரத்தைவிட வலது ஓரம் ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்வு. “பசையைக் கூடக் குறைய வைத்து மட்டம் பண்ணிடலாம்மா” என்கிறார் மேஸ்திரி. கடைக்காரரோ செல்ஃப் லெவலிங் மூட்டை வாங்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி? (வாசகி, மதுரை)

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. திட்டை முதலில் சிமெண்ட் கலவையால் மட்டம் செய்து, ஆறவிட்டு, அதற்குப் பிறகு டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள். கூலி பேசும்போதே மட்டம் பண்ணுவதைத் தனி வேலையாகப் பேசிவிடுங்கள். “ஒட்டும்போது பார்த்துக்கலாம்” என்று விட்டால், அன்றைக்கு நிச்சயம் பசைதான் மட்டப்பூச்சாகும்.

டைல் பசை மெல்லிய படுகைக்கென்று தயாரிக்கப்படுவது. சிறிய வேலைகளுக்கு 3 முதல் 6 மி.மீ. கனம் போதும், அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்பது மூட்டையிலேயே அச்சாகியிருக்கும், படித்துப் பாருங்கள். உங்கள் திட்டில் ஒரு முனையில் 3 மி.மீ., மறுமுனையில் 18 மி.மீ. வரும். கனமான பக்கம் காயும்போது கூடுதலாகச் சுருங்கும், டைலும் அந்தப் பக்கம் இறங்கும். அடியில் வெற்றிடம் விழுந்தால் தட்டும்போது ‘டொக் டொக்’ என்று கேட்கும். ஜன்னல் திட்டு சும்மா கிடக்கிற இடமில்லை. பூந்தொட்டி வைப்போம், திரைச்சீலை மாட்ட அதன்மேலேயே ஏறி நிற்போம். வெற்றிடம் இருக்கிற மூலைதான் முதலில் உடையும்.

செல்ஃப் லெவலிங் கலவை தரைக்கானது. தண்ணீர் மாதிரி ஓடித் தானே மட்டமாகிறது என்பதுதான் அதன் குணம். திட்டின் முன்பக்கமோ திறந்த விளிம்பு. பலகை கட்டி அடைத்து ஊற்ற முடியும்தான். ஆனால் உங்களுக்குத் தேவை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலடி நீளம், ஆறங்குல அகலம், ஒரு முனையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி மறுமுனையில் ஒன்றரை சென்டிமீட்டர். ஒரு ஜன்னலுக்கு ஒன்றரை லிட்டர்கூட ஆகாது. பழைய பூச்சைக் கொத்தி எடுக்கும் இடத்தையும் சேர்த்தால்கூட, மூன்று ஜன்னல்களுக்கும் ஐந்தாறு கிலோ சிமெண்டும் அதைப் போல நாலு பங்கு எம்-சாண்டும் போதும். இதற்குப் போய் விலை உயர்ந்த மூட்டையைத் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. சிமெண்டைச் சில்லறையாக வாங்கினால் கையில் எடுத்து நசுக்கிப் பாருங்கள். நசுங்காத கட்டிகள் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கலவை போடுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, திட்டு ஏன் இப்படி ஆனது? கொத்தனார் அன்றைக்கே சரியாகப் பூசாததுதான் காரணம் என்றால் கவலையில்லை. பூச்சு பொருபொருவென்று உதிர்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், வெளியிலிருந்து மழைத் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். வெளித்திட்டு வெளிப்பக்கம் வாட்டமாக இருக்கிறதா, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் உண்டா என்று பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் அதை அடைக்காமல் உள்ளே டைல்ஸ் ஒட்டுவது வீண் செலவு.

இரண்டாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: உயரம். உள்பக்கம் திறக்கிற கொசுவலைக் கதவு இருந்தால், அதன் அடிவிளிம்புக்கும் திட்டின் மிக உயரமான இடத்துக்கும் இடையே எவ்வளவு இடம் என்று அளந்துகொள்ளுங்கள். டைல் 9 அல்லது 10 மி.மீ., பசை 4 மி.மீ., கதவு உரசாமல் நகர இன்னொரு 3 மி.மீ. இதற்கு இடமில்லையென்றால் தாழ்வான பக்கத்தை ஏற்ற வேண்டாம், உயரமான பக்கத்தைக் கொத்தி இறக்குங்கள். இடம் தாராளமாக இருந்தாலும் மேட்டுப் பக்கத்தைக் கொஞ்சம் கொத்துவதுதான் நல்லது. ஒன்றுமில்லாத கனத்தில் இழுத்துவிட்ட சிமெண்ட் கலவை ஒட்டாமல் செதில் செதிலாக உரிந்துவிடும். எங்கும் ஒரு சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

வேலை இப்படி நடக்க வேண்டும். சுத்தியல் காம்பால் திட்டு முழுக்கத் தட்டிப் பார்த்து, ஓசை மாறுகிற இடத்தையெல்லாம் உடைத்துவிட வேண்டும். பெயின்ட், பட்டி இருந்தால் மிச்சமில்லாமல் சுரண்டுங்கள். பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பி அதன்மேல் டைல்ஸ் ஒட்டும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. பட்டி பெயின்ட்டுக்கு அடியில் பூசுவது, டைலின் எடையை அது தாங்காது. பிறகு தூசியைக் கழுவி, ஈரப்படுத்தி, சிமெண்ட் பால் தடவி, அது காயும் முன் கலவையைப் போட வேண்டும். முன் விளிம்பில் ஒரு நேரான ரீப்பரை (மெல்லிய மரச்சட்டம்) ரசமட்டம் வைத்து அடித்துக்கொண்டால், மட்டப்பலகையை அதன்மேல் ஓட்டிச் சீவிவிடலாம். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாக வேண்டாம், சொரசொரப்பாக இருந்தால்தான் பசை பிடிக்கும். ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டுத் தண்ணீர் காட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டலாம்.

ரசமட்டம் உங்களிடமே ஒன்று இருக்கட்டும். இரண்டடி நீளம் போதும். வாங்கும்போது கடை மேஜையில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி அதே பக்கம், அதே அளவில் நின்றால் சரியானது, இடம் மாறினால் வேறொன்று கேளுங்கள்.

சட்டத்தை ஒட்டி 3 மி.மீ. இடைவெளி விட்டு, அதைச் சிமெண்டால் அடைக்காமல் சிலிக்கான் சீலன்ட் போடச் சொல்லுங்கள். யு.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் சட்டமாக இருந்தால் வெயிலில் விரியும். சிமெண்ட் அடைப்பு அங்கே நிற்காது.

கேள்வி: திட்டுக்கு டைல்ஸா, கிரானைட்டா? எவ்வளவு வாங்க வேண்டும்? (வாசகர், திருச்சி)

பதில்: என் ஓட்டு கிரானைட்டுக்கு. நாலடி திட்டுக்கு ஒரே துண்டாகக் கிடைக்கும், இணைப்பு வராது, விளிம்பை அரைவட்டமாக மெருகேற்றித் தருவார்கள். அளவை எப்படி முழுசாக்கிக் கணக்குப் போடுகிறார்கள் என்று முன்பே கேளுங்கள். ஆறரை அங்குலத் துண்டுக்கு ஒன்பது அங்குலம் போட்டால் பில் ஏறிவிடும். டைல்ஸ்தான் என்றால், இரண்டடிக்கு இரண்டடி டைல் ஒன்றில் ஏழங்குலப் பட்டை மூன்று வெட்டலாம். நாலடி ஜன்னலுக்கு இரண்டு பட்டை. மூன்று ஜன்னலுக்கு இரண்டே டைல், உடைந்தால் மாற்ற இன்னொன்று. முழுப் பெட்டி எதற்கு? பிரித்த பெட்டியிலிருந்து சில்லறையாகக் கேளுங்கள். வெட்டிய விளிம்பில் உள்நிறம் தெரியும் என்பதால், முழுவதும் ஒரே நிறமான ஃபுல் பாடி டைலாகப் பாருங்கள்.

கேள்வி: போன வருடம் வாங்கிய புது ஃபிளாட்டிலேயே ஜன்னல் திட்டு கோணலாக இருக்கிறது. நாங்களே சரிசெய்து டைல்ஸ் ஒட்டிவிடலாமா? (வாசகர், சென்னை)

பதில்: ஒட்டுவதற்கு முன் பில்டருக்கு எழுதுங்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் வேலைத் தரத்தில் குறை இருப்பதாகத் தெரிவித்தால், கட்டணம் கேட்காமல் 30 நாட்களுக்குள் அவர் சரிசெய்து தர வேண்டும். திட்டின் மேல் ரசமட்டம் வைத்து, குமிழி தெரியும்படி, பக்கத்தில் ஸ்கேலோடு படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். டைல்ஸ் ஒட்டிவிட்டால் அந்தக் குறையைக் காட்டவே வழியிருக்காது. பதில் வராவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம்.