வாகனக் கேள்வி–பதில்: புழுதிக்கும் வெள்ளத்துக்கும் ஈடுகொடுக்கும் ஜீப்

கேள்வி: என்னிடம் இருப்பது 2.5 லீற்றர் டர்போ டீசல் ஹைலக்ஸ். புல்மோட்டைப் பக்கக் கிரவல் பாதைகளிலும் கடற்கரை மணலிலும் ஓடுகிறது. எயார் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கழுவிப் பாவிக்கும் கூம்பு ஃபில்டரைப் போட்டால் இழுவை கூடும் என்கிறார்கள். போடலாமா?
— வாசகர், குச்சவெளி

பதில்: போடவேண்டாம். பெட்டியைக் கழற்றியதும் எஞ்சின் இழுப்பது பொனற்றுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றை. வெளியே 33 பாகை, உள்ளே 60 பாகை என்றால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்துவிடும். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிராக்கும் இன்டர்கூலர் அதில் கொஞ்சத்தை ஈடுசெய்யும், முழுவதையும் அல்ல. கூம்பு ஃபில்டரில் வருகிற உறுமல்தான் இழுவை கூடியதுபோல் தோன்றவைக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் தூசி. புல்மோட்டைக் கனிம மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் எல்லாம் உண்டு. சிர்கோன் குவார்ட்ஸை விடக் கடினமானது. ஆனாலும் அந்த மணிகள் பாரமானவை, பெரும்பாலும் கீழேயே விழுந்துவிடும். எஞ்சினைத் தின்பது கச்சான் காற்றுக் காலத்தில் கிரவல் பாதையில் எழும்பும் மெல்லிய புழுதி. 2.5 லீற்றர் எஞ்சின் 2,000 சுற்றில் ஓடும்போது, டர்போ அழுத்தத்தைக் கணக்கில் எடுக்காமலே நிமிடத்துக்கு 2,000 லீற்றருக்கு மேல் காற்றை இழுக்கிறது. எண்ணெய் பூசிய பஞ்சுவலை ஃபில்டர், நல்ல கடதாசி ஃபில்டரை விடக் கூடுதலான நுண்தூசியை உள்ளே விடும். டர்போவின் அலுமினியச் சிறகு முதலில் தேயும், பின் பிஸ்டன் ரிங். எண்ணெயைக் கூடுதலாகப் பூசினால் அது காற்றளவு சென்சரின் கம்பியில் படிந்து, அளவு பிழைத்து, இழுவை குறையும்.

காசைச் செலவழிப்பதென்றால் பெட்டியில் செலவழியுங்கள். மூடியின் கிளிப்கள் நான்கும் இறுக்கமாகப் பிடிக்கின்றனவா, ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சுற்றிவரச் சமமாக அமர்கிறதா என்று பாருங்கள். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ஹோஸைக் கழற்றி, வெள்ளைத் துணியால் உட்புறத்தைத் துடையுங்கள். துணியில் மண்நிறம் ஒட்டினால் எங்கோ ஒரு மூட்டு கசிகிறது. எண்ணெய்ப்பசை மட்டும் தெரிந்தால் பயமில்லை, அது எஞ்சின் மூச்சுக்குழாயால் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளிவிடும் குழாய்) வருவது. துடைத்த இடத்தில் மெல்லிதாகக் கிறீஸ் பூசிவிட்டு, ஒரு வாரம் ஓடிய பின் திரும்பப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

கடதாசி ஃபில்டரை அடிக்கடி கழற்றி ஊதுவதும் கெடுதல்தான். கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாக வடிக்கும். சேர்விஸ் நிலையத்தில் 8 பார் அழுத்தத்தில் கிட்டப் பிடித்து ஊதினால் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். ஊதியே ஆகவேண்டுமென்றால் 2 பாருக்குள், உள்ளிருந்து வெளிப்பக்கமாக, ஓரளவு தள்ளிப் பிடித்து ஊதுங்கள். பெட்டிக்கும் டர்போவுக்கும் நடுவே, ஃபில்டர் எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்று காட்டும் ஒரு அடைப்பு மானி பூட்டிக்கொள்வது இன்னும் நல்லது. டர்போ டீசல்களுக்கு வழக்கமான எல்லை 25 அங்குல நீரளவு. அதைத் தொட்டால் மாற்றுங்கள், அதுவரை கைவைக்காதீர்கள்.

கேள்வி: மாரியில் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் தண்ணீருக்குள்ளால் போகவேண்டியிருக்கிறது. பழைய பஜேரோவுக்கு ஸ்நோர்கல் பூட்டினால் போதுமா? பி.வி.சி. குழாயில் செய்தால் மலிவு என்கிறார்களே?
— வாசகர், மூதூர்

பதில்: கூரை உயரத்திலிருந்து எஞ்சினுக்குக் காற்றெடுக்கும் குழாயான ஸ்நோர்கல் தேவைதான், அது மட்டும் போதாது. பழைய பஜேரோவில் வரும் 4டி56 டீசல் எஞ்சினில் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 619 கன சென்ரிமீற்றர், அமுக்க விகிதம் 21. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 31 மில்லிலீற்றர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் போனால் அது அமுங்காது, கனெக்டிங் ரொட் வளையும்.

பெரும்பாலானோர் தவறவிடுவது எயார் ஃபில்டர் பெட்டியின் அடியிலுள்ள வடிகால் துளையை. ஸ்நோர்கல் தலை கூரை உயரத்தில் இருக்கும், தண்ணீரோ அடித்துளையால் உள்ளே போகும். துளையை ஒருவழி ரப்பர் வால்வு பூட்டி அடைக்கவேண்டும். மட்கார்ட் வழியாகப் போகும் ஹோஸின் இரு முனைக்கும் நல்ல கிளாம்ப் போடுங்கள். பெட்டி மூடியின் சந்துக்குப் புதிய ரப்பர் வையுங்கள். தகட்டில் வெட்டிய துளையின் விளிம்புக்குப் பிறைமரும் பெயின்றும் அடிக்காமல் பூட்டினால், நம் கடற்காற்றுக்கு உடனே துருவேறும்.

பூட்டியதும் சோதனை. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடட்டும். தட்டையான பலகைத் துண்டொன்றில் டியூப் ரப்பரைச் சுற்றி ஸ்நோர்கல் வாயை மூடுங்கள். உள்ளங்கையை வைக்காதீர்கள், உறிஞ்சல் பலமாக இருக்கும். எஞ்சின் திணறிச் சில நொடிகளில் நிற்கவேண்டும். நிற்காமல் ஓடினால் வேறு வழியால் காற்று போகிறது, அந்த வழியால் தண்ணீரும் போகும். பெட்டியில் பிழை இல்லையென்றால் எண்ணெய் மூடியையும் டிப்ஸ்டிக்கின் ரப்பரையும் பாருங்கள், மூச்சுக்குழாய் வழியாக அங்கிருந்தும் காற்று வரும்.

பி.வி.சி. தற்காலிகத்துக்குச் சரி. வெயிலில் நொறுங்கும், எஞ்சின் சூட்டில் இளகும். போடுவதென்றால் 75 மில்லிமீற்றருக்குக் குறையாமல், கூர்மையான எல்போக்களைத் தவிர்த்து, பொனற்றுக்கு வெளியே உள்ள பகுதிக்கு மட்டும். கோடையில் முன்னால் போகும் வாகனத்தின் புழுதிக்குள் ஓடும்போது ஸ்நோர்கல் தலையைப் பின்பக்கமாகத் திருப்பிவிடலாம்.

டிஃபரென்ஷியல், கியர்பொக்ஸ் மூச்சுக்குழாய்களையும் ஹோஸ் போட்டு மேலே ஏற்றுங்கள். சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். எண்ணெய் பால்தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் உடனே மாற்றவேண்டும். நடைவேகத்தைத் தாண்டாமல் போங்கள். நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீர்கள். இழுத்து வெளியே எடுத்து, குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: டர்போ டீசல் டபிள்கப்புக்கு 3 அங்குல ஸ்டெயின்லெஸ் சைலன்சர் செய்ய விரும்புகிறேன். கடற்கரையோரம் என்பதால் பழையது உக்கிப்போயிற்று.
— வாசகர், நிலாவெளி

பதில்: டர்போவுக்குப் பின்னால் புகை எவ்வளவு இலகுவாக வெளியேறுகிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் 2.5 லீற்றருக்கு 2½ அங்குலம் தாராளம், 3 அங்குலம் 3 லீற்றருக்கு. அதற்கு மேல் சத்தம்தான் மிஞ்சும், அக்சிலிலும் சாசியிலும் முட்டும். குழாயை அமுக்கி வளைக்கும் மெஷினில் வளைவு சப்பையாகும், விட்டம் குறையாத வளைவைக் கேளுங்கள். டீசல் அளவு கூடாமல் குழாய் மட்டும் பெருத்தால் குதிரைவலு பெரிதாகக் கூடாது, புகையின் சூடு இறங்கும். ஏற்றத்தில் அதுவே இலாபம்.

உலோகத்துக்குக் காந்தம் கொண்டுபோங்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் 409 வகையில் காந்தம் பிடிக்கும், உப்புக்காற்றில் மேல்துரு வரும். 304 வகையில் பெரும்பாலும் பிடிக்காது, வளைவில் லேசாகப் பிடிக்கலாம். கடலோரத்துக்கு 304தான். 304ஐ 304உடன் ஒட்ட 308எல் கம்பி, சாதாரண இரும்புடன் ஒட்ட 309எல். இரும்புக் கம்பியால் ஒட்டினால் அந்தத் தையலே முதலில் உக்கும். டர்போவுக்குப் பின் ஒரு வளையும் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் ஆட்டத்தில் மூட்டு வெடிக்கும். சைலன்சரின் ஆகத் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீற்றர் துளையிட்டால் வியர்வைத் தண்ணீர் தேங்காது. குழாயின் வால்முனையைப் பக்கவாட்டில் விட்டால் காய்ந்த புல்லில் தீப்பற்றும், யன்னலால் புகையும் வரும். பின்சில்லுக்குப் பின்னால், உயர்த்தி விடுங்கள்.

கேள்வி: 1.3 ஜிம்னிக்கு 2¼ அங்குலச் சைலன்சர் போட்டபின் மணலில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. செக் எஞ்சின் விளக்கும் எரிகிறது.
— வாசகர், கிண்ணியா

பதில்: டர்போ இல்லாத சிறிய பெற்றோல் எஞ்சினுக்குக் குழாய் மிகப் பெரிது. புகையின் வேகம் விழுந்து, தாழ்ந்த சுற்றில் கிடைத்த இழுவை போய்விட்டது, மணலில் தேவைப்படுவதும் அதுதான். 1¾ அங்குலத்துக்கு இறங்குங்கள். விளக்கு எரிவதற்குக் காரணம், ஒக்சிசன் சென்சருக்கு முன்னாலுள்ள மூட்டில் வெளிக்காற்று நுழைவதாக இருக்கலாம். எஞ்சின் குளிராக இருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் பகுதியை வெட்டி எறிந்திருந்தால் திரும்பப் பூட்டுங்கள். அது இல்லாமல் புகைப் பரிசோதனை தேறுவது கஷ்டம், பரிசோதனைச் சான்று இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது.

கேள்வி: பழைய 4டிஆர்5 டீசல் எஞ்சின் ஜீப்பின் எண்ணெய்த் தொட்டி எயார் ஃபில்டரைக் கடதாசிக்கு மாற்றலாமா?
— வாசகர், கந்தளாய்

பதில்: பெட்டியோடு சேர்த்து மாற்றினால் நல்லது. எண்ணெய்த் தொட்டி ஃபில்டர், எஞ்சின் மெதுவாக ஓடும்போது சரியாக வடிக்காது, சரிவில் சாய்ந்தால் எண்ணெயையும் எஞ்சினுக்குள் விடும். வைத்திருப்பதென்றால் கோட்டுக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். அடியில் அரை அங்குலச் சேறு படிந்ததும் கழுவி, புது எண்ணெய் விடுங்கள்.