மாத்திரையில் பிரஷர் குறைந்துவிட்டது, இனி நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 47. விசைத்தறி ஓட்டுகிறார். மூன்று மாதம் முன்பு முகாமில் பிரஷர் 160/100 என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டு முறை பார்த்தும் அதே அளவுதான். தலைவலி, கிறுகிறுப்பு எதுவுமில்லை. தினம் ஒரு அம்லோடிபின் எடுத்தார். போன வாரம் 126/80. 'சரியாகிவிட்டது, மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்' என்று நிறுத்திவிட்டார். இப்போது இந்துப்புதான் வாங்கி வருகிறார். இது போதுமா? – வாசகி, பள்ளிபாளையம்.

பதில்: போதாது. 126/80 வந்ததே மாத்திரையால்தான். அம்லோடிபின் ரத்தக்குழாய்ச் சுவரின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. உடம்பில் மருந்து தீர்ந்ததும் குழாய் மறுபடி இறுகும், பிரஷரும் பழைய இடத்துக்கே ஏறும். வேறு சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் முன்பைவிடக் கூடுதலாகவே எகிறிவிடும். அதனால் தள்ளிப்போடாமல் அவரை அதே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கிட்னி விஷயத்தில் ஊரே தலைகீழாகத்தான் நம்புகிறது. டயாலிசிஸ் வரை போகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை, அல்லது கட்டுப்படாத பிரஷர், அல்லது இரண்டுமே இருக்கும். கிட்னியைக் கெடுப்பது கொதிப்பு. பழி விழுவது மாத்திரை மேல். உண்மையில் பயப்பட வேண்டிய மாத்திரை வேறு. நாள் முழுக்கத் தறியில் நிற்கிறவர்கள் முட்டி வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்றவை பிரஷரையும் ஏற்றும், தொடர்ந்து போட்டால் கிட்னியையும் பாதிக்கும். அவர் அப்படி எதுவும் வாங்கிப் போடுகிறாரா என்று விசாரியுங்கள்.

தொந்தரவு எதுவும் இல்லை என்பதை வைத்து ஆறுதல் அடையாதீர்கள். பெரும்பாலானவர்களுக்குப் பிரஷர் எந்த அறிகுறியும் காட்டாது. முதல் அறிகுறியே பக்கவாதமாக, மாரடைப்பாக இருந்துவிடுவதும் உண்டு. வாய் ஒருபுறம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தொங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

காரணம் இதுதான் என்று பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. பரம்பரை, வயது, எடை, உப்பு, மது எல்லாம் சேர்ந்து வருவது. பலத்த குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறார் என்றால் மட்டும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதற்கென்று சிகிச்சை உண்டு.

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். நிறம் மாறுவதால் பிரஷருக்கு எந்த லாபமும் இல்லை; அயோடின் கிடைக்காமல் போவதுதான் மிச்சம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமன் செய்த ஒரு டீஸ்பூன். குழம்பில் குறைத்துவிட்டுப் பழைய சோற்றுக்கு மோர்மிளகாய், ரசத்துக்கு அப்பளம், ஞாயிற்றுக்கிழமை கருவாடு என்று போனால் கணக்கு எங்கே நிற்கும்? சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். கிட்னிக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரம் மெல்லும் பழக்கம் இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள், அதுவும் பிரஷரை ஏற்றும்.

வீட்டில் பார்க்க, மேல்கையில் கட்டும் மெஷின் வாங்குங்கள். டீ குடித்து அரை மணி கழிந்திருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை மேஜை மேல் நெஞ்சு உயரத்தில் வைக்கட்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்ட வேண்டாம். காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம் எழுதி வாருங்கள். வீட்டுச் சராசரி 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும்.

ஆயுள் முழுக்க இதே டோஸ்தானா என்றால், அவசியமில்லை. ஒரு கிலோ எடை குறைந்தால் மேல் அளவு ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். எடை, உப்பு, நடை மூன்றும் சரியானால் மருத்துவரே டோஸைக் குறைக்கலாம். கணுக்கால் வீங்கினால் சொல்லுங்கள், அம்லோடிபினில் அது வருவதுண்டு. வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், சர்க்கரை, ஈசிஜி இன்னும் பார்க்கவில்லை என்றால் இந்த முறையே பார்த்துவிடுங்கள். மாத்திரைச் செலவுதான் யோசனை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள். அங்கேயே பெயரைப் பதிந்துவிடுங்கள்.